பழைய மடத்தின் ஐந்தாவது உபயோகம்

பூநகரிப் பக்கம் பறங்கித் துறவிகள் கட்டிய மடமொன்று இடிந்து கிடக்கிறதென்று அறிந்து, 1979 ஆவணியில் அதை அளந்து குறிப்பெடுக்கப் புறப்பட்டேன். செய்தி சரிதானா என்று இருமுறை கடிதம் எழுதிக் கேட்ட பின்புதான்.

பரந்தனில் காலை 7.10 பஸ். பூநகரியில் இறங்கும்போது 8.35. அங்கிருந்து மூன்றரை மைல் டிராக்டர் பெட்டியில்.

"உங்கை ஆடுதான் கிடக்கு மாஸ்டர். அதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்றார் சாரதி.

"ஓம்" என்றேன். எனக்கும் அந்த ஐயம் இருந்தது.

துறவிகளுக்குப் பிறகு ஒல்லாந்தர் அங்கே நெல் அடுக்கினார்களாம். வெள்ளைக்காரர் குதிரை கட்டினார்களாம். இப்போது கிடுகுக் கூரை போட்டு, எழுபத்தேழு கலவரத்தில் மலையகத்திலிருந்து வந்த மாரியாயி என்ற பெண் குடும்பத்தோடு குடியிருந்தார். நான்கு உபயோகங்களையும் வரிசையாக எழுதினேன். அவர் என் அளவுநாடாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

10.40: பீடமிருந்த சுவரில் ஒரு மாடம், அகலம் இரண்டடி, உள்ளே அம்மிக்குழவி. எழுதிவிட்டுக் கிணற்றை அளக்கப் போனேன். 11.10க்குத் திரும்பினால், மாடத்தில் பிள்ளையார்! மஞ்சள் பூசி, திருநீறிட்டு, தலையில் செவ்வரத்தம்பூவுடன் நிமிர்ந்து நின்றார். முதலில் என் குறிப்பேட்டைத்தான் சந்தேகித்தேன்.

"கும்பிட்டுக்குங்க ஐயா, ரொம்பப் பழைய சாமி" என்று மாரியாயி கற்பூரத் தட்டை நீட்டினார். "போன வருசமும் ஒருத்தர் இப்படித்தான் நாடாவோட வந்தாரு. அடுத்த மாசம் அப்ப நாங்க இருந்த குடிசையப் பிரிச்சுட்டாங்க. சாமி இருக்கிற எடத்துல கை வைக்க மாட்டாங்க தானே?"

மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. சப்பாத்தைக் கழற்றி, மூன்று முறை குட்டிக் கும்பிட்டேன். அதன் பிறகே, நான் அதிகாரியல்ல, ஓய்வுபெற்ற வாத்தியார் என்று சொல்லத் துணிவு வந்தது.

"அத மொதல்லயே சொல்லக்கூடாதா, ஐயா!" அவர் தலையில் கை வைத்தார். "சூடம் காட்டிக் கும்பிட்டாச்சே! இனி இதுல எப்படி மொளகா அரைக்கிறது?"

குற்றம் என்னுடையது. மறுகிழமை புதுக் குழவியொன்று அனுப்பிவைத்தேன். பிள்ளையார் அங்கேயே இருக்கட்டும். ஐந்தாவது உபயோகம் கோயில் என்று எழுதிக்கொண்டேன்.

போக விரும்புவோர் குடிதண்ணீரும் குடையும் கொண்டு செல்லுங்கள், அளவுநாடா வேண்டாம். தூரம் பூநகரியிலிருந்து சரியாக மூன்றரை மைல். எந்தத் திசையில் என்பதை மட்டும் எழுதமாட்டேன்.