சட்டம் தடுக்கும் என்று காத்திருந்தவர்

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த என் கணவர் சாப்பிட உட்காராமல் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நான் இலங்கையின் கல்முனையில் சட்டத்தரணி. அவர் கணித ஆசிரியர்.

"புள்ள, சூதாட்டத்துக்குப் புதுச் சட்டம் வருதாமே. ஒன்லைன் போக்கரத் தடை செய்வாங்களா?"

ஒரு வருடமாக அவர் கைபேசியில் போக்கர் விளையாடுவது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் வாய் திறந்து கேட்டதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

பழைய சட்டம் கைபேசி இல்லாத காலத்தில் எழுதப்பட்டது, அந்தச் சட்ட இடைவெளியில்தான் இந்த ஒன்லைன் விளையாட்டுகளெல்லாம் வளர்ந்தன என்று விளக்கினேன்.

"இனியும் தடுக்கமாட்டாங்க மச்சான். லைசன் குடுத்து வரி எடுப்பாங்க. பயந்து ஒதுங்கி நிண்டவங்களும் வந்து விளையாடுவாங்க."

அவர் முகம் வாடிவிட்டது. கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"தடுத்தா உட்டுரலாம் எண்டு பாத்துக்கிட்டு இருந்தன் புள்ள. மார்க்கத்துல ஹராம் எண்டு தெரிஞ்சும் என்னால உட ஏலாமப் பெய்த்து."

கைபேசியை என்னிடம் நீட்டி, "நீங்களே அழிச்சிடுங்க" என்றார். நான் வாங்கவில்லை.

"நீங்க அழிங்க. நான் பக்கத்துல இரிக்கன்."

அழித்தார். அவரது மற்றக் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

சட்டம் வந்தது, விளம்பரங்களும் கூடின. அதன்பின் இரண்டு தடவை அவர் அந்த விளையாட்டைத் திரும்ப இறக்கினார். இரண்டு தடவையும் அன்றைக்கே வந்து என்னிடம் சொல்லிவிட்டார். மூன்றாவது தடவை இதுவரை வரவில்லை.