இரண்டு கேள்விக்குப் போதுமான கனவு

ரூஸே நகரத்தில் மின்கம்பியைப் பிடித்து ஓடும் டிராலி பஸ்ஸை ஓட்டுகிற நெவேனாவுக்கு ஒரு கனவு தேவைப்பட்டது. இரண்டு கேள்வி கேட்டு முடிக்கிற அளவுக்கு நீளமான கனவு. ஒரு கேள்விக்குள் உடைந்துபோகிற கனவுகள் வாரத்துக்கு இரண்டு மூன்று வந்துகொண்டுதான் இருந்தன. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அவள் விஷயத்தில் அது சொல்லுக்குச் சொல் உண்மை. அவளுடைய கை அவனைத் தொட்டுவிடும். வாய் திறப்பதற்குள் விழிப்பு வந்துவிடும்.

அவன் என்றால் மெத்தோடி, அவள் புருஷன். இறந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது.

எங்கள் நாட்டில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம். மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட இதில் குழப்பம் கிடையாது. ஜெர்மனிக்காரர்களுக்கு எல்லாம் நேர் எதிர். மெத்தோடி பதினோரு வருஷம் அங்கே லாரி ஓட்டினான். பாவம், அவன் தலை இரண்டு நாட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. விடுமுறைக்கு வந்திருக்கும்போது, "சூப் இன்னும் வேணுமா?" என்று நெவேனா கேட்பாள். அவன் மேலும் கீழும் ஆட்டுவான். அவள் பானையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். காலிக் கிண்ணத்தோடு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "இப்ப ஆடுனது எந்த ஊர்த் தலை?" என்று கேட்பது அந்த வீட்டில் வழக்கமாகவே ஆகிவிட்டது. அப்போது அது சிரிப்பாக இருந்தது.

அவன் ஊரில் இல்லாத ஒரு குளிர்காலத்தில் நெவேனா ஒரு காரியம் செய்தாள். மாமியார் யோர்தான்காவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்திருந்தது. அடுப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விடுவாள். நெவேனாவுக்குக் காலையிலும் வேலை, மாலையிலும் வேலை. இரண்டு தடவை கிழவியை ஆற்றங்கரையிலிருந்து கூட்டிவந்த பிறகு, நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். புருஷனிடம் சொல்லவில்லை. அவன் போன் செய்யும்போதெல்லாம், "அம்மா தூங்குறாங்க" என்றாள். ஐந்து வாரம் அப்படியே சொன்னாள். ஆறாவது வாரம் கிழவி அங்கேயே இறந்துபோனாள்.

மெத்தோடி வந்து புதைத்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாற்பதாம் நாள் வேகவைத்த கோதுமையை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து முடிக்கிறவரை உப்பு எங்கே, செருப்பு எங்கே என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு காலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தான். ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனைக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

அந்தக் காலையைப் பற்றி நெவேனா நூறு தடவை சொல்லியிருப்பாள். எல்லாம் பென்காவிடம்தான். பென்கா அவள் பஸ்ஸின் கண்டக்டர், அதே கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரி. ஆம்புலன்ஸ் வந்த அன்று வாசலில் கூடவே நின்றவளும் அவள்தான்.

"கதவைச் சாத்தப் போனாங்க. நான் கேட்டேன், என்னை மன்னிச்சிட்டியான்னு. வாயில மாஸ்க் போட்டிருந்தாங்க, பேச முடியலை. தலையை ஆட்டுனான். மேலயும் கீழயும், ஒரே ஒரு தடவை. அது எந்த ஊர்த் தலை, பென்கா? இந்த ஊர்த் தலைன்னா மன்னிக்கலை. அந்த ஊர்த் தலைன்னா மன்னிச்சிட்டான்."

"டிக்கெட் கட்டைக் கொடு, நேரமாச்சு" என்பாள் பென்கா. இந்தப் பேச்சு வந்தால் மட்டும் அவள் வாய் சுருங்கிவிடும். மற்ற நேரத்தில் அந்த வாயை அடைக்க ஒரு முழு ரொட்டி வேண்டும்.

கனவு விஷயம் வானொலியில் ஒரு மருத்துவர் பேசியதிலிருந்து ஆரம்பித்தது. கனவு காணும்போதே இது கனவு என்று தெரிந்துகொள்ள முடியுமாம். பகலில் அடிக்கடி விரல்களை எண்ணிப் பழகினால் கனவிலும் எண்ணத் தோன்றுமாம். அங்கே எண்ணிக்கை தப்பும். நெவேனா ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஸ்டியரிங்கின் மேல் விரலை எண்ணினாள். காலை வேலை பத்து மணிக்கு முடியும். அடுத்தது மூன்று மணிக்குத்தான். இடையில் வீட்டுக்குப் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுப்பாள். இருபது நாள் எண்ணிய பிறகு ஒரு பகல் தூக்கத்தில் அவள் கையில் ஏழு விரல் இருந்தது.

அன்று அவள் அடைந்த சந்தோஷமே அந்தக் கனவைக் கொன்றது. "கனவு! இது கனவு!" என்று நெஞ்சு அடித்துக்கொண்டதில் கண் திறந்துவிட்டது. பதறாத காரியம் சிதறாது என்பதை அவள் அப்படித்தான் கற்றுக்கொண்டாள். அடுத்த தடவை அமைதியாக இருந்தாள். கட்டடத்து வாசலும் ஆம்புலன்ஸும் தெரிந்தன. மெத்தோடியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் வெளுத்து, கடைசியில் அவள் வீட்டுக் கூரையாகிவிட்டது. ஆக, முகத்தை உற்றுப் பார்க்கக் கூடாது. தரையைப் பார்க்க வேண்டும், சக்கரத்தைப் பார்க்க வேண்டும். கனவு மங்க ஆரம்பித்தால் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்க்க வேண்டும். அந்தச் சூடு இருக்கிறவரை கனவும் இருந்தது. கதவின் இரும்பைப் பிடித்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் நீண்டது. எல்லாம் ஒவ்வொரு கனவாக இழந்து கற்றது.

அவள் திட்டம் எளிது. முதலில், "உன் பேர் மெத்தோடியா?" என்று கேட்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் இந்த ஊர்த் தலை. மேலும் கீழும் ஆட்டினால் அந்த ஊர்த் தலை. அது தெரிந்த பிறகு இரண்டாவது கேள்வி.

"அங்க வர்ற மெத்தோடி நீ செஞ்ச மெத்தோடிடி" என்றாள் பென்கா. "உனக்குத் தெரியாதது அவனுக்கு எப்படித் தெரியும்?"

"என் கண்ணு பார்த்ததெல்லாம் எனக்குத் தெரியுமா? அன்னிக்குப் பயத்துல பாதியை விட்டுட்டேன். விட்டது உள்ள எங்கயாவது கிடக்கும்."

"கிடந்தா கிடக்கட்டுமே. கிளறி என்ன பண்ணப் போறே?" கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு மட்டும் சொல்றேன், செத்தவங்க கனவுல வா வான்னு கூப்பிட்டா கூடப் போகாதே. எங்க பெரியப்பா போனாரு. விடிஞ்சா ஆளு இல்லை" என்றாள்.

"உங்க பெரியப்பா குடிச்சிட்டுப் பனியில படுத்தாரு."

"படுத்தது எதுக்குன்னு நெனைக்கறே?"

மூன்றாம் வருஷ நினைவுநாளுக்கு ஒரு வாரம் இருந்தபோதுதான் அது நடந்தது. காலை எட்டரை மணி, பஸ் நிறையக் கூட்டம். ரயில் நிலையத்துக்கு இறங்கும் சரிவில், நிறுத்தத்தில் மெத்தோடி நின்றிருந்தான். அதே பழுப்புக் கோட்டு, அதே சாய்ந்த நிற்பு. நெவேனாவுக்குத் துளி சந்தேகம் வரவில்லை. கனவு என்று முடிவு செய்தாள், பதறாமல், பழகியபடி. முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தாள். அது மங்கிவிடக் கூடாதே என்று ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து உள்ளங்கைகளைத் தேய்த்தாள்.

"நெவேனா!"

பென்காவின் குரல் முதுகில் அறைந்தது. பஸ் நடைபாதையை நோக்கிச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. நெவேனா பிரேக்கை மிதித்தாள். கூரையின் மேல் மின்கம்பியைப் பிடித்திருந்த இரண்டு கோல்களும் கழன்று ஆகாயத்தில் அடித்துக்கொண்டன. விளக்கெல்லாம் அணைந்தது. நிறுத்தத்தில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பழுப்புக் கோட்டுக்காரன் யாரோ. மீசை வைத்திருந்தான், முப்பது வயதுகூட இருக்காது. பஸ்ஸின் மூக்குக்கும் அவனுக்கும் இடையில் ஒரு முழம் இருந்தது.

உள்ளே ஒரு பெண்ணின் பையிலிருந்து குடைமிளகாய் எல்லாம் உருண்டு ஓடின. "தூங்கிட்டே ஓட்டறியா, அம்மா?" என்று அவள் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நெவேனா கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கி, பின்னால் போய், கயிற்றை இழுத்துக் கோல்களைக் கம்பியில் மாட்டினாள். நான்கு தடவை தவறிப்போனது. இருபது வருஷத்தில் அவள் இரண்டாம் தடவைக்குப் போனதே இல்லை.

டிப்போவில் பென்கா அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். "அந்தப் பையன் செத்திருப்பான். புரியுதா உனக்கு? சனிக்கிழமை நினைவுநாள் வரைக்கும் பொறுக்கறேன். அதுக்கு மேலயும் இந்தக் கனவுப் பைத்தியம் இருந்துச்சுன்னா நானே மேலாளர்கிட்ட போய்ச் சொல்லிடுவேன். ஸ்டியரிங் பக்கமே விடமாட்டாங்க."

நெவேனா பகலில் விரல் எண்ணுவதை அன்றே விட்டாள். ஆனால் படுப்பதை விடவில்லை. திங்கள், செவ்வாய், புதன் ஒன்றும் வரவில்லை. வியாழக்கிழமை வந்தது, "உன் பேர்" என்று ஆரம்பித்தாள், கீழ்வீட்டில் யாரோ கதவைச் சாத்தினார்கள், போய்விட்டது. அன்று அவள் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதாள். இந்தச் சனிக்குள் தெரியவில்லை என்றால் இனி எப்போதும் தெரியாது என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை பகல் வாசலும் ஆம்புலன்ஸும் வந்தன. விரல் ஆறு. கைகளைத் தேய்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், கதவு இரும்பைப் பிடித்தாள். இரும்பு நன்றாகவே சில்லென்றிருந்தது. ஆனால் ஊழியன் கதவைச் சாத்தப் போகிறான். கனவு எப்போதும் அந்தக் கதவோடுதான் முடியும். உள்ளே படுத்திருந்த மெத்தோடி கையை லேசாகத் தூக்கி, வா என்பதுபோல் அசைத்தான்.

பென்காவின் பெரியப்பா ஞாபகம் வந்தது. பகுத்தறிவெல்லாம் விழித்திருக்கிறவர்களுக்குத்தான். ஏறினால் திரும்ப முடியாமல் போகலாம். ஏறாவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். அவள் ஏறினாள்.

உள்ளே மருந்து வாசனை. அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். கனவு கலையவில்லை. அசையக்கூட இல்லை. இவ்வளவு நேரம் அவள் எந்தக் கனவிலும் இருந்ததில்லை. இப்போது கேட்கலாம், இரண்டையும் கேட்கலாம். வாயைத் திறந்தாள். மெத்தோடி அவளைப் பார்க்கவில்லை. திறந்த கதவு வழியாக வெளியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

வாசலில் நெவேனா நின்றாள். வீட்டுச் செருப்பு, மாற்றிப் போட்ட பொத்தான், பக்கத்தில் பென்கா. அந்த நெவேனா கழுத்தை நீட்டி, பிடிவாதமான அந்த முகத்தோடு, "வலிக்குதா?" என்று கேட்டாள்.

மெத்தோடி தலையை மேலும் கீழும் ஒரு தடவை ஆட்டினான்.

வாசலில் நின்றவள் வேறெதுவும் கேட்கவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது.

மூன்று மணி வேலைக்கு நெவேனா இரண்டு மணிக்கே டிப்போவுக்குப் போனாள். பென்கா பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் அவன்கிட்ட என்ன கேட்டேன்?"

பென்காவின் கை நின்றது.

"நீ பக்கத்துல நின்னே. சொல்லு."

"வலிக்குதான்னு கேட்டே."

"வேற?"

"வேற ஒண்ணும் கேட்கலை, நெவேனா."

"மூணு வருஷமா நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டு இருந்தியே."

"சாவுக்கு மறுநாளே நீ அப்படிச் சொல்ல ஆரம்பிச்சிட்டே. நெஜமாவே நம்பிச் சொன்னே. நீ கேட்கவே இல்லைடின்னு நான் எந்த வாயால சொல்வேன்? கேட்ட மாதிரி நெனைச்சாவது இருக்கட்டும்னு விட்டேன்."

நெவேனா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. வெட்கமாக இருந்தது. சாகப்போகிற மனுஷனிடம்கூட அவள் மன்னிப்பு என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. எடுத்ததாகக் கதை கட்டிக்கொண்டு, அவன் தலையை மூன்று வருஷம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறாள்.

சனிக்கிழமை காலை கோதுமையும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கல்லறைக்குப் போனார்கள். மெத்தோடியும் அவன் அம்மாவும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்கள். நெவேனா மெத்தோடியின் கல்லுக்கு முன்னால் நின்று, பென்கா கேட்கிறாளே என்றுகூடப் பார்க்காமல், "பொய் சொன்னேன். அம்மா தூங்குறாங்கன்னு சொன்னதெல்லாம் பொய். என்னை மன்னிச்சிடு" என்றாள். சொல்வதற்கு அவ்வளவுதான் இருந்தது. ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது.

மெழுகுவர்த்தியை நடக் குனிந்தவள் நிமிர்ந்து, பக்கத்துக் கல்லைப் பார்த்தாள். மூன்று வருஷமாக இங்கே வந்து போகிறாள். அந்தக் கல்லுக்கு ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றியதில்லை. மேலே காய்ந்த இலை மூடிக் கிடந்தது. அவள் மண்டியிட்டு இலையைக் கையால் ஒதுக்கினாள். யோர்தான்கா என்ற பெயர் தெரிந்தது.

"அத்தை" என்றாள். "நான் கொண்டுபோய் விட்ட அந்த இடத்துல, ராத்திரி விளக்கை அணைச்சப்ப, உங்களுக்குப் பயமா இருந்துச்சா?"