மனப்பாடம் செய்த கற்பனை

சென்ற வருடம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கலிஃபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரில் ஒரு பூங்கா. அங்கே நான் செய்த காரியத்தை என் கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் வீடு பக்கத்து ஊரான ஃப்ரீமான்ட்டில். வாரம் முழுக்க சாஃப்ட்வேர் வேலை, சனிக்கிழமை காலையில் ஒரு ஜாஸ் குழுவில் வயலின். சென்னையில் பன்னிரண்டு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றவள் நான். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். சும்மா இருக்காமல், இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஈரோட்டுத் தோழியையும் சேர்த்துவிட்டேன். என்னைவிட எட்டு வயது சின்னவள். லாக்டவுனில் வீடியோ பார்த்து சாக்ஸஃபோன் கற்றவள். பாதி நேரம் சுருதியே நிற்காது!

ஆனால் அவள் எழுந்து வாசித்தால் எல்லோரும் ஃபோனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். நான் வாசித்தால் மரியாதையாகக் கை தட்டினார்கள். வயிறு எரியுமா, எரியாதா?

ஜாஸில் ஒரு வழக்கம். முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, அதே தாளச் சுற்றுக்குள் அந்த நிமிஷம் தோன்றுவதை வாசிக்க வேண்டும். நம்முடைய கல்பனாஸ்வரம் மாதிரிதான். ஆனால் எனக்கு அந்தக் கல்பனாஸ்வரத்தையே டீச்சர் நோட்டில் எழுதிக் கொடுத்து உருப்போட வைத்திருந்தார். அரங்கேற்றத்தில் கைதட்டல் வாங்கியதும் அந்த உருப்போட்ட கற்பனைக்குத்தான். இங்கேயும் அதையே செய்தேன். வீட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, அப்போதுதான் தோன்றியது போல முகத்தை வைத்துக்கொண்டு வாசிப்பேன்.

அந்த மே மாதப் பூங்காக் கச்சேரியில் கடைசிப் பாட்டுக்கு ஒரே ஒருவருக்குத்தான் தனி வாசிப்பு. எங்கள் தலைவி, ட்ரம்ஸ் வாசிக்கும் அமெரிக்கப் பெண்மணி, அதைத் தோழிக்குக் கொடுத்துவிட்டார். "நீ சுத்தமாக வாசிக்கிறாய், அவள் எங்களோடு பேசுகிறாள்" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே வேறு சொன்னார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கச்சேரிக்கு முதல் நாள் இரவு தலைவியிடமிருந்து மெயில். நேரம் நாலு மணியிலிருந்து மூன்று மணிக்கு மாறியிருந்தது. தோழி மெயில் பார்க்கிற ஆள் இல்லை. குழு விஷயம் எதுவானாலும் நான்தான் அவளுக்கு மெசேஜ் அனுப்புவேன். அன்றும் டைப் செய்தேன். பிறகு அழித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது, ஆனால் தெரிந்தேதான் செய்தேன்.

மூன்று மணிக்கு அவள் இல்லை. தலைவி அவளுக்கு ஃபோன் செய்யச் சொன்னார். நான் ஃபோனைக் காதில் வைத்து, அழைக்காமலே, "எடுக்கவில்லை" என்றேன். "அப்போ நீ வாசிக்கிறாயா?" என்று கேட்டார். வாசிக்கிறேனாவா? அந்தப் பாட்டுக்கு ஒரு மாதமாக வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உருப்போட்டு வைத்திருந்தேனே!

கடைசிப் பாட்டு வந்தது. எழுந்தேன். பாதி வரை பிரமாதம். அப்போது பியானோக்காரர் உற்சாகத்தில் தாளத்தை லேசாகத் தள்ளிப்போட்டு, பதில் சொல் என்பது போல என்னைப் பார்த்துச் சிரித்தார். என் நோட்டில் அது இல்லை. விட்ட இடம் தெரியவில்லை. பரீட்சையில் செய்யுள் மறந்த பிள்ளை மாதிரி முதலிலிருந்து ஆரம்பித்தேன், மறுபடி அதே இடத்தில் நின்றேன். கடைசியில் நாலே நாலு ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தேன். நூறு பேர் பார்க்கிறார்கள்.

அந்த நாலு ஸ்வரம் எனக்குப் பின்னாலிருந்து சாக்ஸஃபோனில் திரும்பி வந்தது. தோழி! நாலு மணிக் கச்சேரிக்குச் சீக்கிரமே வந்தவள், பாட்டு ஓடுவதைக் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். தோளில் பை தொங்கியபடியே நின்று, என் தப்பை எடுத்து, நுனியில் ஒரு வளைவு வைத்து வாசித்து, நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வாசிப்பதற்காகக் காத்திருந்தாள். யோசிக்க நேரமில்லை, ஏதோ பதில் வாசித்தேன். அவள் திருப்பிக் கொடுத்தாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எழுதி வைக்காததை வாசித்தேன். ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

பார்க்கிங்கில் அவள்தான் முதலில் பேசினாள். "சாரிக்கா, நாலு மணின்னே நினைச்சுட்டேன். மெயில் பாக்காதது என் தப்புதான். நீங்க தனியா மாட்டிக்கிட்டீங்க பாவம்."

அந்தப் 'பாவம்' என்னைக் கொன்றது. "நான்தான் வேணும்னே உனக்குச் சொல்லலை" என்று சொல்லிவிட்டேன். ஃபோன் விஷயத்தையும் சொன்னேன்.

அவள் முகம் மாறியது. சாக்ஸஃபோனைத் துடைத்து, மெதுவாகப் பெட்டியில் வைத்து மூடினாள். கண் கலங்கியிருந்தது.

"இனி சனிக்கிழமை உங்க கார்லயே வந்துர்றனுங்க்கா. அப்ப டைம் மாறுனாலும் எனக்குத் தெரிஞ்சுரும்ல?" என்றாள். சிரிக்கவில்லை.

சொன்னபடியே வருகிறாள். முதல் இரண்டு மாதம் வழியெல்லாம் பேச்சே இல்லை. இப்போது பேசுகிறோம். பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அவள் எழுந்து வாசித்தால் இன்றைக்கும் உள்ளே சுருக்கென்கிறது. ஆனால் என் முறை வரும்போது நான் நோட்டை நினைப்பதில்லை. அவள் எந்த ஸ்வரத்தில் விட்டாள் என்று காது கொடுத்துக் கேட்டு, அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.