கரடி களியைப் பாதிதான் தின்றது

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. காவிரிக்கரை அம்மா மண்டபம் படித்துறையில் திதி கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். இலை போடுவதற்கு முன் உறவினர்கள் அனைவரும் இதைப் படித்துவிட வேண்டும்.

அப்பா பிறந்தது மருங்காபுரிப் பக்கம். பள்ளிக்கூடம் போனதில்லை. மழை பொய்த்த வருடம் ஸ்ரீரங்கத்துக்கு வந்து, பல கூலி வேலைகளுக்குப் பின் திருச்சிக்கு வெளியே ஒரு விலங்குப் பூங்காவில் பராமரிப்பாளராகச் சேர்ந்தார். வித்தைக்காரரிடமிருந்து மீட்டு வந்த பெண் கரடி அவர் பொறுப்பு. மூக்கில் கயிறு அறுத்த தழும்போடு வந்த அது, ஆள் பார்த்தால் தின்னாது. கேழ்வரகுக் களியை உள்ளே வைத்துவிட்டு, கம்பிக்கு வெளியே அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். எவ்வளவு தின்றது என்று சத்தத்தை வைத்தே சொல்வார்.

பராமரிப்பாளர் தினமும் தன் கையால் நோட்டில் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. எழுதத் தெரியும் என்று சொல்லித்தான் அப்பா சேர்ந்திருந்தார். மாலையில் நோட்டைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். அவர் சொல்ல நான் எழுதுவேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்தப் பெருமை எனக்கு அதிகமாகவே இருந்தது.

பிளஸ் டூ தேர்வு நடந்த வாரம். "இன்னைக்குக் களியைப் பாதிதாம்மா தின்னுச்சு. டாக்டர் பாக்கணும்னு எழுதிடு" என்றார்.

"வச்சுட்டுப் போங்கப்பா, படிச்சுக்கிட்டு இருக்கேன்ல."

பிறகு எடுத்து, முந்தைய நாள் வரியையே அழகாக எழுதினேன்: முழுவதும் உண்டது. மறுநாளும் அவர் அதையே சொன்னார். நானும் அதையே எழுதினேன். மூன்றாம் நாள் கரடி இறந்தது.

விசாரணையில் நடந்ததை, அங்கே உடன் வேலை பார்த்த அக்கா சென்ற வருடம் துக்கம் கேட்க வந்தபோதுதான் சொன்னார். கரடி சரியாகத் தின்னவில்லை என்று அப்பா மேற்பார்வையாளரிடமும் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். "நோட்டுல எழுதிட்டீங்கல்ல, போதும்" என்று அனுப்பிய அந்த மனிதர், விசாரணையில் "என்கிட்ட எதுவும் சொல்லலீங்க சார்" என்றாராம். நோட்டைப் படித்துக் காட்டினார்கள். அப்பா இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நான்தாங்க எழுதினேன்" என்றார். வேலை போயிற்று.

அன்று வீட்டில் என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "என்னம்மா எழுதின?"

"நீங்க சொன்னதைத்தான்ப்பா."

"சரிம்மா, நீ படி."

அதற்குப் பின் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். நான் பட்டம் வாங்கினேன். ஒரு கல்யாணத்தில் அவர் சாம்பார் வாளியை எடுத்தபோது, "கரடியைப் பட்டினி போட்டவன் கையில வாளியைக் குடுக்காதீங்கப்பா, நமக்கும் அதே கதிதான்" என்று பெரியப்பா சொன்னார். பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். பிறகு எந்த விசேஷத்திலும் அவர் பரிமாறவில்லை. நுரையீரல் கெட்டுப் படுத்த கடைசி மாதங்களிலும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்தக் கல்யாணத்தன்று நானும் பந்தியில் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற பக்கத்து வீட்டாருக்கும், துணைக்கு இருந்த அத்தைக்கும், உண்மையைச் சொன்ன அந்த அக்காவுக்கும் எங்கள் நன்றி. சிரித்தவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனமில்லை. குறை சொல்லத் தகுதியும் இல்லை.

அன்று எழுதாததை இன்று எழுதுகிறேன். கரடி களியைப் பாதிதான் தின்றது. டாக்டர் பார்க்க வேண்டும் என்று அப்பா இரண்டு நாளும் சொன்னார்.