விழுந்த மரத்துக்குச் சாட்சி

இரண்டு வருடத்துக்கு முன்பு, கார்த்திகை மாதம் அடித்த புயலில், ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலத்தில் இரண்டு வேப்ப மரமும் ஒரு வாகை மரமும் வேரோடு சாய்ந்தன. அதில் ஒன்று மாட்டுக் கொட்டகை மேலேயே விழுந்து, கூரை நொறுங்கிப்போனது. நல்ல வேளை, மாடுகள் ஐந்தும் தப்பித்தன.

விறகுக்கடைக்காரர் வந்து மரத்தைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. நம் நிலத்து மரம் நம் மாட்டுக்கே கொட்டகையாக நிற்கட்டுமே என்று தோன்றியது. மில்லில் கொடுத்துத் தூணும் உத்திரமுமாக அறுத்து வந்து, நிழலில் அடுக்கி, ஆறு மாதத்துக்கு மேல் காய வைத்தோம். ஈர மரத்தில் கட்டினால் பின்னால் முறுக்கிக்கொள்ளும் என்று ஆசாரி சொல்லியிருந்தார். அதுவரை மாடுகளுக்குத் தார்ப்பாய்தான்.

ஆனியில் வேலையை ஆரம்பித்தோம். அடியில் தார் பூசி நாலு தூண் நட்டாயிற்று. அன்று மதியம் தாலுகா அலுவலகத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் பைக்கில் வந்து இறங்கினார்கள். ஒருவர் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். பக்கத்து அடுக்குமாடியின் பால்கனியிலிருந்து யாரோ எடுத்த வீடியோ. ஆசாரி மெஷின் ரம்பத்தால் கட்டை அறுக்கிறார், சுற்றிலும் மரங்கள், நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நான். கீழே, 'மரங்களைக் கொல்லும் பாவிகள்' என்று எழுதியிருந்தது. ஏரியாவின் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றுகிறதாம்.

"யாரைக் கேட்டும்மா வெட்டினீங்க?"

"நான் எங்க சார் வெட்டினேன்? புயல்ல விழுந்தது."

"விழுந்ததுக்கு ப்ரூஃப் இருக்கா?"

என் கொட்டகைக் கூரையை உடைத்துக்கொண்டு விழுந்த மரத்துக்குச் சாட்சி வேண்டுமாம்! வேர்க்கட்டையை அடுப்புக்கு வெட்டியாகிவிட்டது. குழியையும் மூடிவிட்டோம். அன்று இருந்த பதற்றத்தில் போட்டோ எடுக்க யாருக்குத் தோன்றும்?

"இன்னா சார் இது, தொட்டுப் பாரு, எப்பிடி காஞ்சி கீது! நேத்து வெட்டின மரமா இது?" என்று ஆசாரி எகிறினார். அவர்கள் தொட்டுப் பார்க்கவில்லை. விசாரணை முடியும்வரை ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூன்று வாரம் அந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். யாரும் பதில் சொல்லவில்லை. ஆடி பிறந்து சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் கிழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எட்டு மாதச் சினையாக இருந்த பசு சேற்றில் வழுக்கி விழுந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினோம். மாட்டு டாக்டர் பார்த்து, கன்றுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை நான் நானாக இல்லை.

அப்படியே, சேறு படிந்த புடவையோடு அந்த அடுக்குமாடிக்குள் போனேன். அசோசியேஷன் மீட்டிங்குக்காக இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். "வீடியோ எடுத்தது யாரு? வந்து என் மாட்டைப் பாருங்க" என்று கத்தினேன்.

எழுந்து நின்றது யார் தெரியுமா? தினமும் காலையில் அடுக்குமாடி கேட்டுக்கு வந்து என்னிடம் குழந்தைக்குப் பால் வாங்குகிற பெண்.

"சாரி ஆன்ட்டி. ஆறாவது ஃப்ளோர்லேர்ந்து முகம் தெரியலை. அது நீங்கன்னு தெரிஞ்சிருந்தா சத்தியமா போட்டிருக்க மாட்டேன்."

அந்த வார்த்தைதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "நானா இல்லாம வேற யாரோன்னா போடலாமா? அவங்க மாடு சேத்துல விழலாமா?"

கொஞ்ச நேரம் செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவள், என்னிடம் நீட்டினாள். புயல் அடித்த மறுநாள் காலை அதே பால்கனியிலிருந்து அவளே எடுத்த படம். மூன்று மரங்களும் வேர் மேலே தெரிய எங்கள் நிலத்தில் கிடக்கின்றன. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்ப எடுத்தாளாம்; அப்புறம் மறந்தே போய்விட்டதாம். எனக்கு வேண்டிய சாட்சி அத்தனை நாளும் அவள் கையிலேயே இருந்திருக்கிறது!

மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னோடு அலுவலகத்துக்கு வந்தாள். அந்த அதிகாரிகளிடம் படத்தைக் காட்டி, வீடியோ போட்டது தன் தவறு என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அந்த வாரமே வேலையைத் தொடரச் சொல்லிவிட்டார்கள். வேம்புத் தூணும் வாகை உத்திரமுமாகக் கொட்டகை எழும்பியது. பசு அதில்தான் கன்று போட்டது.

வீடியோவை அவள் அழித்துவிட்டாள். ஆனால் அனுப்பியவர்கள் யாரும் அழிக்கவில்லை. போன மாதம் பொத்தேரியில் தீவனம் வாங்கப் போனபோதுகூட, ஊரப்பாக்கத்தில் மாடு வைத்திருக்கிறேன் என்றதும், "மரம் வெட்டினது நீங்கதானே?" என்று ஒருவர் கேட்டார். ரத்தம் கொதித்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் செல்போனைத் திறந்து பார்த்தேன். ஏதோ ஊரில் ஒரு மளிகைக்கடைக்காரர் கலப்படம் செய்கிறார் என்ற வீடியோவை நானும் எட்டு பேருக்கு அனுப்பியிருந்தேன். அவர் யார், அங்கே என்ன நடந்தது, எனக்கு எதுவுமே தெரியாது. எனக்கு அநியாயம் செய்தவர்கள் மேல் உள்ள கோபம் இன்றும் தீரவில்லை. அதே கோபம் அந்தக் கடைக்காரருக்கு என் மேலும் இருக்கலாம் என்று உறைத்த பிறகு, முகம் தெரியாத ஒருவரைப் பற்றி எதையும் அனுப்ப என் விரல் துணிவதில்லை.