சாய்ந்தமருதில் முதுகுகளால் நிறைந்த ஒரு சுவர்

போன மாசியில் தோழி ஒருத்தி ஒரு சுவரோவியத்தின் படத்தைக் கைபேசியில் அனுப்பினாள். கடலைப் பார்த்து நிற்கும் முப்பது பேர். ஒருவருக்கும் முகமில்லை, எல்லாம் முதுகுதான். முகம் வரையத் தெரியாத ஓவியர் போலும் என்று சிரித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

காலை 6.30க்கு மட்டக்களப்பில் பஸ். கல்முனை நாற்பது கிலோமீற்றர், கட்டணம் 190 ரூபாய், 7.50க்கு இறங்கினேன். அங்கிருந்து சாய்ந்தமருதுக் கடற்கரை மூன்று கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 400. சுவரைப் பற்றிக் கேட்டதும், தன் வாப்பாவும் அதில் நிற்பதாக ஓட்டோக்காரர் பெருமையாகச் சொன்னார். எப்படித் தெரியும் என்றேன்.

"சாரனை மடிச்சுக் கட்டியிரிக்கிற விதம் போதாதா?" என்றார்.

ஓவியர் ரியாஸ் முன்பு தோணிகளுக்குப் பெயரும் இலக்கமும் எழுதியவர். தன் தெருத் தோணிகளின் நிறங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் சுவருக்கு வந்தாராம். முதலில் முகங்களோடு வரைந்திருக்கிறார். இஸ்லாமிய மார்க்கத்தில் முகம் வரைவது சரியில்லையே என்று அக்கம்பக்கத்தார் சங்கடப்பட, எல்லோரையும் கடல் பக்கம் திருப்பிவிட்டார். அதன் பிறகுதான் அதிசயம். முதுகைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்து, பிழை திருத்த ஊரே வந்துவிட்டது. இப்போது சனிக்கிழமைகளில் பத்துப் பேராவது தூரிகையோடு நிற்கிறார்கள்.

நான் போன அன்று ரியாசுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரை, கூட்டாளிகள் சொல்லக் கேட்டு வரைந்திருந்தார். அந்தக் காணாமல் போனவரின் மனைவி பரீதா அன்றுதான் முதல்முறை பார்க்க வருகிறார். வேண்டாமென்றால் அந்த உருவத்தை அழித்துவிடுவதாக ரியாஸ் வாக்குக் கொடுத்திருந்தார்.

பரீதா வந்து நெடுநேரம் பார்த்தார்.

"இது அவரில்ல தம்பி. வலய இழுத்து இழுத்து அவர்ட இடது தோள் இறங்கியிரிக்கும்."

ரியாஸ் தூரிகையை நீட்டினார். தூரிகை பிடித்தே அறியாத அந்தக் கை, ஒரே இழுப்பில் தோளை இறக்கியது. ஒரு மனிதர் உண்மையாகவே வந்து நின்றதுபோல் இருந்தது. முகமில்லை என்று சிரித்ததற்காக வெட்கப்பட்டேன்.

போகிறவர்கள் பத்து மணிக்கு முன் போங்கள். மத்தியானத்துக்குப் பிறகு சுவரில் வெயில் நேராக அடிக்கும். தோள் மூடிய உடை நல்லது. படமெடுக்க முன் அங்கே நிற்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் எடுக்கவில்லை. விடைபெறும்போதும் பரீதா அந்தத் தோளின் முன்னால்தான் நின்றார்.

"இப்ப கூப்பிட்டாத் திரும்பிருவாரு," என்று ரியாசிடம் மெல்லச் சொன்னார். ஆனால் கூப்பிடவில்லை.