எவாரிஸ்தோ பக்கத்தில் உட்காராத நாள்

நிவேஸைப் பற்றிப் பிரேக் கம்பெனிக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். எங்கள் மலைச்சாலையில் அவளைப் போல வண்டி இறக்கத் தெரிந்த ஆள் கிடையாது. அடிவாரத்தில் காபிக் கடை வைத்திருப்பவன் நான். இறங்கி வருகிற ஒவ்வொரு வண்டியும் என் ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவள் அப்பா கல் குவாரியில் லாரி ஓட்டினார். இவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். பனி விழுந்த ஒரு காலையில் பஸ்ஸை வளைவில் அலுங்காமல் நிறுத்தியதைப் பின்னால் வந்த பிரேக் கம்பெனி மேலாளர் பார்த்துவிட்டார், கையோடு வேலையும் கொடுத்தார். இத்தாலியில் பெர்கமோ நகரத்தைச் சுற்றியுள்ள எங்கள் பள்ளத்தாக்குகளில் வீட்டுக்கு ஒருவராவது பிரேக்கை வைத்துத்தான் பிழைக்கிறோம். புது பிரேக் பூட்டிய வண்டியை உச்சியிலிருந்து இறக்கிப் பார்ப்பது அவள் வேலை.

பிரேக் சோதிக்கும் அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பிரேக் எண்ணெய்க் குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுத்தவன் எவனோ, அவன்தான் முதல் இறக்கத்தில் ஓட்டுபவர் பக்கத்தில் உட்கார வேண்டும். காற்று மிச்சமிருந்தால் பிரேக் பிடிக்காது, அவன் எலும்பும் சேர்ந்து நொறுங்கும். எங்கும் எழுதி வைக்காத விதி, ஆனால் மீறியவன் கிடையாது. நிவேஸ் பக்கத்தில் எப்போதும் உட்கார்ந்தவன் மெக்கானிக் எவாரிஸ்தோ. ஞானஸ்நானத்தன்று அவள் மகளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பனும் அவன்தான். இறங்கி வந்ததும் இரண்டு பேரும் என் கடையில் சோளக் களியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டே, யார் அதிகம் பயந்தது என்று ஒருவரை ஒருவர் வாருவார்கள்.

பிறகு எண்ணெய் இல்லாத பிரேக் வந்தது. மிதியை அழுத்தினால் கம்பி வழியாகச் சேதி போகும், சக்கரத்தில் இருக்கும் மோட்டார் இறுக்கிப் பிடிக்கும். எவாரிஸ்தோ ஸ்பானரை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டான். கெட்டிக்காரன், அதில் குறை சொல்ல மாட்டேன். நிவேஸுக்கும் புது பிரேக் பிடித்துத்தான் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் உறுத்தல். பழைய பிரேக் சூடேறினால் மிதி மெத்தென்று உள்ளே போகும், காலுக்குத் தெரிந்துவிடும். இதில் மிதிக்கு அடியில் இருப்பது வெறும் ஸ்பிரிங். சக்கரத்தில் என்ன நடந்தாலும் அதே விறைப்பு. அதற்குத்தான் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறோமே என்று எவாரிஸ்தோ சமாதானம் சொன்னான்.

ஜெர்மனியிலிருந்து கார் கம்பெனி விருந்தாளிகள் வந்த அன்று, உச்சிக்குக் கிளம்பும் முன் வண்டி என் கடை வாசலில் நின்றது. நிவேஸ் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். எவாரிஸ்தோ ஏறவில்லை.

"இதுல எண்ணெயும் இல்ல, காத்தும் இல்ல. நான் எதுக்கு உட்காரணும்? நீ போயிட்டு வா."

"உனக்கு வயசாயிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கடைசி வளைவுக்கு முன்னால் மோட்டார்கள் சூட்டில் பிடியை விட்டன. மிதி விறைப்பாகவே இருந்தது, விளக்கு எரியவில்லை, வண்டி நிற்கவில்லை. ஓரத்து மதிலில் உராய்த்து உராய்த்து வேகத்தைக் குறைத்து, என் கடைக்குச் சற்று மேலே சாலையோரம் இருக்கும் வைக்கோல் போரில் கொண்டுபோய்ச் செருகினாள். தோள் எலும்பு முறிந்தது. உயிர் தப்பியது.

ஓட்டுநர் தாமதமாக மிதித்துவிட்டார் என்று மேலாளர் விருந்தாளிகளிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற எவாரிஸ்தோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சிவப்பு விளக்கு முந்தின வாரமெல்லாம் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. விருந்தாளிகள் கண்ணில் படக் கூடாது என்று மேலாளர் சொல்ல, இவனே அதை எரியாமல் செய்து வைத்திருக்கிறான். குடித்துவிட்டு வந்து என்னிடம்தான் அழுதான். ஒரு சொல் மிச்சம் வைக்காமல் நான் நிவேஸிடம் சொல்லிவிட்டேன். கூட இருந்தே குழி பறித்தவனுக்கு நான் எதற்காக ரகசியம் காக்க வேண்டும்?

தோள் சரியான பிறகும் அவளுக்கு வண்டி கொடுக்க ஆளில்லை. தாமதமாக மிதிப்பவள் என்ற பேர் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியிருந்தது. பள்ளிக்கூட பஸ்ஸைக்கூடத் தர மாட்டோம் என்றுவிட்டார்கள்.

அப்போதுதான் ஒரு மத்தியானம் என் கடையில் அவள் எதிரே எவாரிஸ்தோ வந்து உட்கார்ந்தான். கோளாறெல்லாம் சரிசெய்தாயிற்று, மேலாளரிடம் பேசி அவளுக்கே வண்டி கேட்டிருக்கிறேன் என்றான்.

"இந்தத் தடவ நான் பக்கத்துல உட்காருறேன், நிவேஸ்."

"அது இருக்கட்டும். விளக்க அணைச்சது நீதான்னு அவங்க முன்னாடி சொல்லுவியா?"

அவன் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். அதில் சர்க்கரையே போடவில்லை.

"நீ வண்டியில ஏறாதப்பவே எல்லாத்தையும் சொல்லிட்ட" என்றாள். "வழக்கத்த நீ மறக்கல, பிரேக்க நம்பாததாலதான் உட்காரல. நான்தான் மறந்துட்டேன்." கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "என் பொண்ணு உன்ன ஞானத்தகப்பன்னு கூப்பிடுறா. இனிமே எப்படிக் கூப்பிடணும்னு நீயே அவகிட்ட சொல்லிட்டுப் போ. இப்ப வந்துடுவா."

மகள் பள்ளி விட்டதும் நேராக என் கடைக்குத்தான் வருவாள். அவள் வருவதற்குள் அவன் போய்விட்டான்.